பட்டறைகளின் ஊரிலே

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதைக்கு ஒரு பழம்பெருமை உண்டு. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடிய தடம் அதுவே. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று வரிசையாய் வரும் நிலையங்களில், காலை எட்டு மணி அளவில் மின்தொடர் வண்டியினின்றும் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே இது எத்தகைய வட்டாரம் என்பது விளங்கிவிடும். ஒரு கையில் சோற்றுப் பை. மறு கையில், முன்பெல்லாம் செய்தித்தாள், இப்போது கைப்பேசி. நகங்களின் ஓரத்தில் எத்தனை முறை கழுவினாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு. பட்டரவாக்கம் என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ‘பட்டறை’ என்ற சொல்லே நம் செவியில் விழுகிறது. பெயர்க்காரணம் அதுவென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நிலையத்தில் இறங்கித் தெற்கே நடப்பவர்க்கு அந்த மயக்கம் வருவது இயல்பே.

பெரிய ஆலைகளின் வரலாறு ஏடுகளில் உள்ளது. இரண்டு லேத்தும் ஒரு துளையிடும் இயந்திரமும் வைத்துக்கொண்டு பிழைக்கும் சிறு பட்டறைகளின் வரலாற்றை யார் எழுதினார்கள்? அவை எவ்வாறு வளர்கின்றன, எதைக் கொண்டு வளர்கின்றன என்பதை நேரில் கண்டறியும் அவாவினால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் சில நாள்கள் சுற்றி வந்தோம்.

இவ்வூர்ப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களே ஒரு தொழில் வரலாறு. பாடியில் ‘பிரிட்டானியா’ என்று இறங்குகிறார்கள். ‘வேவின்’ என்று நடத்துநர் கூவுகிறார். ‘டன்லப்’ என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. அந்த டயர் தொழிற்சாலையில் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆலை போன பின்னும் பெயர் நிற்கிறது. அங்கு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் ‘அப்பா டன்லப்பில் இருந்தார்’ என்றே தங்களை அறிமுகப்படுத்திக் கொள்கிறார்கள். அந்த அறிமுகத்திற்கு இன்றும் ஒரு மதிப்பு இருப்பதைப் பின்னர்க் கண்டோம்.

முதலில் வந்தவை பெரியவையே. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, முருகப்பா குடும்பத்தார் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1951-இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் மிதிவண்டிகள் வெளிவரலாயின. அந்த ஆங்கிலேயக் கூட்டாளியின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரால் 1966-இல் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை எழுந்தது. வாணிப ஒப்பந்தம் செய்துகொண்டவரின் பெயரை மருத்துவமனைக்கு வைப்பதென்றால், அந்த உறவு கையெழுத்தோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவு. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா முதலியன வரிசையாகத் தோன்றின. இவற்றுக்கு வேண்டிய சிறு உறுப்புகளை யாராவது செய்து தரவேண்டும் அன்றோ? கிண்டியில் 1958-இல் அமைந்த தொழிற்பேட்டையைத் தொடர்ந்து, 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட சிறு தொழிலகங்கள் அங்கு உள்ளன. இரண்டாயிரத்திற்குப் பின் கண்ணாடி மாளிகைகளாக மென்பொருள் நிறுவனங்களும் நடுநடுவே எழுந்துள்ளன. அவற்றின் நிழலில் பழைய பட்டறைகள் இரைந்து கொண்டிருக்கின்றன.

ஒரு சிறு இரும்பு உறுப்பு பிறக்கும் வழியை ஒரு நாள் முழுதும் பின்தொடர்ந்தோம். உள்ளங்கையில் அடங்கும் அளவினதான ஓர் அச்சு அது. வார்ப்படம் ஓரிடத்திலிருந்து வந்தது. லேத்தில் கடைந்தது ஒரு பட்டறை. மில்லிங் செய்தது எதிர்ச் சாரியில் உள்ள வேறொரு பட்டறை. அங்கிருந்து ஒரு மொபெட்டின் முன்பலகையில் அமர்ந்து, பதமேற்றும் உலைக்குச் சென்றது. மீண்டும் வந்து கிரைண்டிங் செய்பவரிடம் போயிற்று. இறுதியாக முலாம் பூசும் இடத்திற்குச் சென்று திரும்பியது. ஐந்து கூரைகளைக் கடந்த பின்னரே அது ஒரு சரக்கு ஆகிறது. இந்த ஐந்து இடங்களில் எங்கேனும் ஒருவர் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தவறினாலும் அத்தனை பேரின் உழைப்பும் பழைய இரும்புக் கடைக்குத்தான். ஐவருக்கும் இடையே எழுத்தில் உள்ள ஒப்பந்தம் எது என்று கேட்டோம். சரக்கோடு செல்லும் டெலிவரி சலான் ஒன்றைக் காட்டினார்கள். மற்றவையெல்லாம் வாய்ச்சொல்லே.

அந்த உறுப்பைப் பொறுப்பேற்றுச் செய்து கொடுப்பவர் ஐம்பத்தைந்து வயது கடந்தவர். பெயரை எழுதவேண்டா என்று கேட்டுக்கொண்டார். பெரிய ஆலை ஒன்றில் டர்னராகப் பதினோர் ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பழைய லேத் ஒன்றை வாங்கி, வாடகைக் கொட்டகையில் தொடங்கியவர். மூலதனம் எவ்வளவு என்று வினவினோம். சிரித்தார்.

“சார், பேங்கில் முதலில் சொத்துப் பத்திரம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. இந்தத் தெருவில் ‘யாரிடம் வேலை கற்றாய்?’ என்று கேட்டார்கள். அது இருந்தது.”

அவர் கற்ற ஆலையின் பெயரையும், கற்பித்த ஃபோர்மேனின் பெயரையும் சொன்னவுடன் இரும்புக் கடைக்காரர் ஒரு மாதத் தவணையில் கம்பி கொடுத்தாராம். அந்த ஃபோர்மேனை இரும்புக் கடைக்காரர் அறிவார். அவரிடம் பயின்றவன் ஏமாற்ற மாட்டான் என்பது அவர் கணக்கு. லேத்தின் ‘சக்’ உடைந்த நாளில் பக்கத்துப் பட்டறைக்காரர் தம்முடையதைக் கழற்றித் தந்தார். அவரும் இதே தொழிலில் போட்டியாளர்தாம். ‘இன்று எனக்கு, நாளை அவருக்கு’ என்று நம் நண்பர் இதை மிக எளிதாகச் சொல்லி முடித்துவிட்டார். நமக்கோ அது எளிதாகத் தோன்றவில்லை.

ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல், 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில், ஒரே தொழிலைச் செய்வோர் ஒரே இடத்தில் நெடுங்காலம் கூடி வாழ்ந்தால் அத்தொழிலின் நுட்பங்கள் காற்றிலே கலந்தவைபோல் எல்லார்க்கும் வந்தடையும் என்ற கருத்தை விளக்கினார். கத்திகளுக்குப் பேர்போன ஷெஃபீல்டு போன்ற ஊர்கள் அவர் மனத்தில் இருந்தன. அம்பத்தூரின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டால் வேறு விடை கிடைக்கலாம். ஆயினும் தேநீர்க் கடைப் பலகையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் மார்ஷல் கூறியது புரியும். எந்தக் கம்பெனி பணத்தை இழுத்தடிக்கிறது, எந்த உலைக்காரர் பதத்தைச் சரியாக ஏற்றுகிறார், எந்தப் பையன் மில்லிங்கில் கைதேர்ந்தவன் என்பதெல்லாம் அங்கே காசின்றிக் கிடைக்கும்.

பணத்தை இழுத்தடிப்பது பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சிறு தொழிலின் உயிர் அங்கேதான் ஊசலாடுகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ஆம் ஆண்டில் வந்தது. எழுத்தில் தவணை பேசியிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தரவேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள்: குறு, சிறு தொழிலகங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, தந்து முடிக்கும்வரை வாங்குபவர் தம் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது. நல்ல சட்டங்களே. ஆனால், “வழக்குப் போட்டீர்களா?” என்று நாம் கேட்டபோது நண்பர் விழித்தார். வழக்குப் போட்டால் நிலுவை வரும். அடுத்த ஆர்டர் வராது. எனவே அவர் செய்வது வேறு. வாங்குபவரின் கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மையாரை மாதம் ஒருமுறை நேரில் சென்று பார்க்கிறார். கையூட்டு ஏதுமில்லை; நலம் விசாரிப்பும், தம் பட்டறையில் சம்பள நாள் என்றைக்கு என்ற தகவலும் மட்டுமே. அந்தத் தேதி நினைவிருப்பதால், பத்துக் காசோலைகளுள் தம்முடையது மேலே வந்துவிடுகிறது என்கிறார். இதை நாம் முற்றும் மெச்சவில்லை. உரிமையாக வரவேண்டியது ஒருவரின் நல்ல மனத்தினால் வருவது நாட்டுக்குப் பெருமையன்று. எனினும் சனிக்கிழமை மாலையில் பன்னிரண்டு பேருக்குக் கூலி எண்ணிக் கொடுக்க வேண்டியவனுக்கு நாட்டின் பெருமையைப்பற்றிச் சிந்திக்க நேரமில்லை.

வளர்ச்சியே இந்த உறவுக்குப் பகையாவதும் உண்டு. மண்ணூர்பேட்டைப் பக்கம் மற்றொருவரைச் சந்தித்தோம். ஆறு பேரோடு தொடங்கியவர். நாற்பது பேர் ஆனவுடன் மாடியில் குளிர்சாதன அறை கட்டிக்கொண்டார். அந்த ஆண்டில் திரும்பி வந்த சரக்கு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. காரணம் தேடினார். முன்பெல்லாம் மூத்த ஃபிட்டர் ஒருவர், ‘அண்ணே, மூன்றாம் மிஷின் சத்தம் சரியில்லை’ என்று தோளைத் தொட்டுச் சொல்லிவிடுவாராம். மாடிக்கு ஏறிச் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டி, காத்திருந்து சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னார், அவர் குறிப்பேட்டில் எழுதினார், குறிப்பேடு மேசையில் கிடந்தது. இப்போது முதலாளியின் மேசை மீண்டும் கீழே, சரக்கைச் சோதிக்கும் இடத்திற்கு அருகில் வந்துவிட்டது. இரைச்சலில் கணக்குப் பார்க்க முடியவில்லை என்று கணக்கர் முணுமுணுக்கிறார். மாடி அறையில் அளவு கருவிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குக் குளிர்ச்சி நல்லது என்பது உண்மையே.

இடர் வரும் நாளில்தான் எது உறவு, எது வெறும் பழக்கம் என்பது தெரியவரும். 2015 டிசம்பர் மழையில் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. மோட்டார்கள், மின்பலகைகள், கணினி வழி இயங்கும் இயந்திரங்களின் மூளைப் பகுதிகள் எல்லாம் நீரில் ஊறின. நீர் வடிந்த மறுநாள், அழைக்காமலே வந்தவர்களின் பெயர்களை நம் நண்பர் இன்றும் விரல்விட்டு எண்ணுகிறார். காயில் கட்டுபவர் ஒருவர் பதினெட்டு மோட்டார்களைக் கழற்றிச் சென்று, பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்றாராம்.

2020 மார்ச்சில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது சோதனை வேறு வடிவில் வந்தது. இப்பட்டறைகளில் இப்போது உழைப்போருள் ஒடிசா, பீகார் முதலிய மாநில இளைஞர் மிகப்பலர். ஒரே இரவில் பேருந்தும் இரயிலும் நின்றன. ஷெட்டைப் பூட்டிவிட்டுக் கைப்பேசியையும் அணைத்துவிட்ட முதலாளிமாரும் இருந்தனர். தம் வீட்டு அரிசியிலிருந்து பட்டறைக்குள்ளேயே உலை வைத்தவர்களும் இருந்தனர். சிறப்பு இரயில்கள் விடப்பட்டதும் பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். மீண்டும் வந்தபோது யாரிடம் வந்தார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. நம் நண்பரிடம் ஒடிசா இளைஞர் ஒருவர் தம்முடன் தம்பியையும் மைத்துனனையும் அழைத்து வந்துவிட்டார். அவருடைய தமிழும், நண்பருடைய இந்தியும் சமமாகப் பிழையுடையவை. வேலை மட்டும் பிழையின்றி நடக்கிறது.

பட்டறைக்காரர்கள் தனித்தனியே நின்றால் வலிவு ஏது? அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம், சுருக்கமாக ‘அய்மா’, இவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது. சாலை, சாக்கடை, மின்சாரம் பற்றிய முறையீடுகள் ஒருபுறம். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இவர்கள் நடத்தும் ‘அக்மி’ என்னும் இயந்திரக் கருவிக் கண்காட்சி மற்றொருபுறம். வெளிநாட்டு இயந்திரங்களை விலை கொடுத்து வாங்க இயலாதவரும் அங்கே தொட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

இதைக் கேட்டபோது ஸ்பெயின் நாட்டு மொந்திராகோன் என்னும் சிற்றூர் நம் நினைவுக்கு வந்தது. உள்நாட்டுப் போரில் நலிந்த அவ்வூருக்கு 1941-இல் உதவிப் பங்குக் குருவாக வந்த அரிஸ்மெந்தியரியேத்தா என்பவர், 1943-இல் ஒரு சிறு தொழிற்பள்ளி தொடங்கினார். அவரிடம் பயின்ற ஐந்து இளைஞர்கள், 1956-இல் அடுப்பு செய்யும் கூட்டுறவுப் பட்டறை ஒன்றை அமைத்தனர். ஊரார் அந்த இளைஞர்களையும் குருவையும் நம்பித் தம் சேமிப்பைக் கொடுத்தனர். இன்று அக்கூட்டுறவுக் குழுமத்தில் பல்லாயிரவர் பணிபுரிகின்றனர். ஆனால் நாம் சொல்ல வந்தது அந்த வெற்றியன்று. அந்த முதற் பட்டறையின் வழிவந்த ஃபாகோர் என்னும் வீட்டுச் சாதன நிறுவனம், பல நாடுகளிலும் பரவிப் பருத்து, 2013-இல் நொடித்துப் போயிற்று. அப்போது மற்றக் கூட்டுறவுகள் அதன் உறுப்பினருள் மிகப் பலருக்குத் தம்மிடத்தில் வேலை கொடுத்து ஏற்றுக்கொண்டன. நிறுவனம் விழுந்தது, அதன் உறுப்பினர் நடுத்தெருவில் நிற்கவில்லை. அம்பத்தூரில் ஒரு பட்டறை மூடப்பட்டால் அதன் ஆட்கள் அதே வாரத்தில் அடுத்த தெருவில் வேலைக்குச் சேர்வதைக் கண்டிருக்கிறோம். சட்டதிட்டம் ஏதுமின்றி நடப்பது அது.

ஆயினும், வாசக அன்பர்களே, இந்த உறவுக்கு ஓர் இருண்ட புறமும் உண்டு. ‘யாரிடம் கற்றாய்?’ என்ற கேள்விக்கு விடை இல்லாதவர் என்ன செய்வார்? அப்பா டன்லப்பில் இல்லாதவர்? தெருவில் உறவினரோ, சாதிக்காரரோ, ஊர்க்காரரோ இல்லாதவர்? தெரிந்தவர்க்குக் கதவைத் திறக்கும் அதே கைதான் தெரியாதவர்க்குச் சாத்துகிறது.

திருமுல்லைவாயிலில் இதற்கு விடை தேடினோம். முல்லைக்கொடி யானையைத் தடுத்த தொண்டைமான் கதைக்குரிய அவ்வூரில், பெண் தொழில்முனைவோருக்கென்றே சிட்கோ நிறுவனம் ஒரு தொழிற்பேட்டை அமைத்திருக்கிறது. ஷீட் மெட்டல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் பட்டயப் படிப்பு முடித்தவர். தொடக்கத்தில் தகடு வாங்கச் சென்ற இடமெல்லாம் ‘வீட்டில் யாரேனும் ஆண்பிள்ளை வருவாரா?’ என்று கேட்டார்களாம். தேநீர்க் கடைப் பலகையில் அவர் போய் அமரவும் முடியாது. அப்படியாயின் அந்தக் காசில்லாத் தகவலெல்லாம் அவருக்கு எங்கிருந்து வரும்? பக்கத்து மனைகளில் இருந்த பெண்களே ஒருவருக்கொருவர் தெருவாகவும் தேநீர்க் கடையாகவும் ஆயினர். ஒருவர் வாங்கும் தகட்டில் மற்றவர் பங்கு போட்டுக்கொள்கிறார். பெரிய ஆர்டர் வந்தால் பிரித்துச் செய்கிறார்கள். அவருக்கு முதல் பெரிய ஆர்டர், முகம் பாராத டெண்டரில் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நடுவணரசின் கொள்முதல் ஆணை 2012-இல் வந்தது. 2018-இல் திருத்தப்பட்ட பின், அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழிலகங்களிலிருந்து வாங்கவேண்டும். அதில் 3 விழுக்காடு பெண்கள் நடத்துவனவற்றுக்கு.

“டெண்டர் என்னை யாருடைய பெண் என்று கேட்கவில்லை, சார்” என்றார் அவர். மனித உறவின் மேன்மையைத் தேடிச் சென்ற நமக்கு இது ஒரு நல்ல குட்டு.

ஆவடியில் இந்த டெண்டர் உலகமே நிலவுகிறது. 1955 ஜனவரியில் காங்கிரசு மாநாட்டில் சமதர்மப் பாணியிலான சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய ஊர் இது. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஆவடி என்ற பெயரே படைவண்டிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை என்று சிலர் சாதிப்பார்கள். டாங்கி பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே மாநாட்டால் நாடெங்கும் அறிமுகமான பெயரன்றோ அது! இத்தகைய பெரிய கொள்முதல்காரரிடம் வாடிக்கை பிடிக்கத் தேநீர்க் கடை உதவாது; வரைபடமும், தரச்சான்றும், விலையுமே பேசும். ஆனால் அந்த வரைபடத்தைப் படித்து, எங்கே தவறு நேரும் என்று சொல்லித் தர ஓய்வுபெற்ற தொழிலாளர் பலர் ஆவடித் தெருக்களில் இருக்கிறார்கள். மாலையில் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் செல்லும் இளைஞர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஆவடியிலிருந்து தெற்கே சென்றால் பூந்தமல்லி. அங்கிருந்து திருமழிசையைக் கடந்து சற்று மேற்கே, பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கம் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். அவ்வூரில் பிறந்த தலித் பொறியாளர் ரங்கசாமி இளங்கோ, வேலையை விட்டு வந்து 1996-இல் ஊராட்சித் தலைவரானார். ஊரார் கடையில் வாங்கும் பருப்பு, எண்ணெய், சோப்பு போன்றவற்றுள் பெரும்பகுதியை ஊரிலேயே ஆக்கிக்கொள்ளலாமே, அண்டை ஊர்களோடு மாற்றிக்கொள்ளலாமே என்பது அவர் எண்ணம். சிறுதொழில்களின் வலைப்பின்னலாக அதனைக் கருதினார். ஆனால் ஒரே ஊரில் சேரியும் ஊரும் முகம் திருப்பிக்கொண்டு வாழ்ந்தால் யார் யாரிடம் எண்ணெய் வாங்குவது? எனவே தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே கூரையின்கீழ், பொதுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகள் அவர் காலத்தில் அங்கே கட்டப்பட்டன. 1997-இல் தமிழக அரசு அறிவித்த சமத்துவபுரத் திட்டத்தோடு இணைத்துப் பேசப்படும் முயற்சி இது.

அங்கே ஒரு வீட்டின் பாதியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த அம்மையாரிடம் இரவிக்கைக்கு என்ன கூலி என்று கேட்டோம். ஒரு தொகை சொன்னார். சுவருக்கு அப்பால் உள்ள வீட்டாருக்கும் இதே கூலிதானா என்றோம். கூலி அதேதான், ஆனால் அவர்களிடம் உடனே வாங்குவதில்லை என்று சொல்லி, இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டைக் காட்டினார். பெயர்கள், தொகைகள், சில வரிகளின்மேல் அடித்த கோடுகள். கோடு அடிக்காத வரிகளும் நிறைய இருந்தன. “வரும்” என்று சொல்லிவிட்டு, மீண்டும் மிதிக்கத் தொடங்கினார்.